அம்மா என்று எழுதிய நாற்காலி

போன மாதம் எங்கள் வீட்டுச் சமையலறையில் அலமாரி வேலை நடந்தது. எந்தத் தட்டு எவ்வளவு உயரத்தில் வரவேண்டும் என்பது எனக்கு இருபது வருஷமாக மனப்பாடம். தினம் எம்பி எம்பி டப்பா எடுக்கிறவள் நான்தானே! ஆனாலும் ஆசாரியிடம் என்ன சொன்னேன் தெரியுமோ? "அண்ணே, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. இந்தத் தட்டு நாலு விரல் கீழே வந்தா நல்லா இருக்குமோன்னு தோணுது. நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்." அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், அளந்தார், யோசித்தார். "நாலு விரல் கீழேதாம்மா வரணும். நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். தட்டு நான் நினைத்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

அவர் தலை மறைந்ததும் என் மகள் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உனக்குத் தெரியாதா என்ன? இங்கே வைங்கன்னு சொல்றதுக்கு இத்தனை நடிப்பா?"

"சொல்லியிருந்தா அவர் நினைச்ச இடத்திலே வெச்சிட்டுப் போயிருப்பார்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் செல்போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "இந்தா, உன்னை மாதிரியே ஒருத்தி. அமெரிக்காவிலே சினிமா டைரக்டர். அவங்க உட்கார்ற நாற்காலியிலே பேருக்குப் பதிலா 'நம்ம எல்லாருக்கும் அம்மா'ன்னு எழுதி வெச்சிருந்தாங்களாம்."

அப்படித்தான் எனக்கு ஐடா லூபினோ அறிமுகமானார். அப்புறம் நானாகவே தேடித் தேடிப் படித்தேன்; படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு வாரம் மத்தியானத் தூக்கம் போச்சு. போகட்டும்.

ஐடா பிறந்தது 1918 பிப்ரவரி 4-ம் தேதி, லண்டனில். அப்பா ஸ்டான்லி லூபினோ பெயர் பெற்ற மேடைக் காமெடியன். அம்மா கானி எமரால்டும் நடிகைதான். தலைமுறை தலைமுறையாக மேடையை நம்பிப் பிழைத்த குடும்பம். 1932-ல் ஒரு படத்துக்கு அம்மாதான் வாய்ப்புக் கேட்டுப் போனாராம். டைரக்டரின் கண் கூடப் போன மகள் மேல் விழ, வேஷம் அவளுக்குப் போய்விட்டது. மகளுக்கு வயசு பதினாலு. அன்று வீடு திரும்பும்போது அந்தத் தாயின் மனசில் பெருமை இருந்ததா, வயிற்றெரிச்சல் இருந்ததா, இரண்டும் கலந்திருந்ததா? இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

அடுத்த வருஷமே ஹாலிவுட். முடியை வெளுத்து, புருவத்தை மழித்து, பொம்மை மாதிரி நிற்கிற வேஷங்கள். 1934 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸில் போலியோ பரவியபோது இந்தப் பதினாறு வயசுப் பெண்ணையும் அது விடவில்லை. தடுப்பு மருந்து வந்ததே 1955-ல்தான். அதுவரைக்கும் இளம்பிள்ளை வாதம் என்றாலே தாய்மார்களுக்கு ஈரக்குலை நடுங்கும். இன்றைக்குச் சொட்டு மருந்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற சின்னப் பெண்களுக்கு அந்தப் பயம் புரியாது. புரியாமல் இருப்பதே பாக்கியம்.

ஐடா தேறி எழுந்தார். ஆனால் படுக்கையில் கிடந்த நாட்கள் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்: உடம்பு படுத்தாலும் மூளை வேலை செய்யும், அதை நம்பியும் பிழைக்கலாம். முகத்தையும் உடம்பையும் காட்டிச் சம்பாதிக்கிற தொழிலில் இருக்கிற பெண்ணுக்கு இது சின்ன ஞானம் இல்லை.

நடிகையாக அவருக்கு நல்ல காலம் வந்தது 1940-க்குப் பிறகு, வார்னர் பிரதர்ஸ் கம்பெனியில். 'தி ஹார்ட் வே' என்ற படத்துக்காக நியூயார்க் விமர்சகர்கள் சங்கத்தின் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்துக் கம்பெனி ஒப்பந்தம் என்றால் அடிமைச் சாசனம். கொடுக்கிற வேஷத்தை வேண்டாம் என்று சொன்னால் சம்பளத்தை நிறுத்தி வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். ஐடா பல தடவை மறுத்தார், பல தடவை சம்பளமில்லாமல் நின்றார். அந்த ஓய்வில் சும்மா இருக்காமல் படப்பிடிப்புத் தளங்களில் சுற்றினார். காமிரா எங்கே வைக்கிறார்கள், விளக்கை எப்படித் திருப்புகிறார்கள், எடிட்டிங் மேசையில் எதை வெட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சுவாரஸ்யமான வேலையெல்லாம் வேறு யாரோ செய்கிறார்கள், நாம் மேக்கப் கலையாமல் காத்திருக்கிறோம் என்ற அலுப்பு அவருக்கு வந்துவிட்டது.

1949-ல் அவரும் அப்போதைய கணவர் காலியர் யங்கும் சேர்ந்து 'தி ஃபிலிம் மேக்கர்ஸ்' என்று சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். முதல் படம் 'நாட் வாண்டட்'. யாருக்கும் வேண்டாதது என்று அர்த்தம். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமாகிவிட்ட பெண்ணின் கதை. ஐடா தயாரிப்பு, கதை வசனத்தில் பங்கு, அவ்வளவுதான். டைரக்டர் எல்மர் கிளிஃப்டன் என்ற பெரியவர். படப்பிடிப்பு ஆரம்பித்த சில நாளிலேயே அவருக்கு மாரடைப்பு. வேறு டைரக்டரைக் கூப்பிடக் கையில் காசில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போது சமையற்காரர் படுத்துவிட்டால் வீட்டுப் பெண் என்ன செய்வாள்? முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். ஐடாவும் அதைத்தான் செய்தார். முழுப்படத்தையும் எடுத்து முடித்தார். ஆனால் திரையில் டைரக்டர் என்று வருவது கிளிஃப்டன் பெயர்தான். நோயாளியான மனிதரின் மரியாதை போகக் கூடாது என்று விட்டுவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒரு பெண் தெருவில் பித்துப் பிடித்தாற்போல் நடந்து வருகிறாள். கடை வாசலில் தள்ளுவண்டியில் யாரோ விட்டுவைத்த குழந்தையைப் பார்க்கிறாள். தூக்குகிறாள். பெற்ற குழந்தையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கிறபோது அந்த முகம் இருக்கிறதே, அப்பா! பிரசவத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற காட்சியில் மேல்கூரை விளக்குகளும் குனிந்து பார்க்கிற முகங்களும் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே நமக்கும் தெரிகின்றன. பிள்ளை பெற்ற எவளும் அந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. ஒழுக்கம் கெட்டவள் என்று படம் ஓர் இடத்திலும் விரல் நீட்டவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார், தன் வானொலி நிகழ்ச்சிக்கு ஐடாவைக் கூப்பிட்டு இதைப் பற்றிப் பேச வைத்தார் என்றால் பாருங்களேன்.

அடுத்தது 'நெவர் ஃபியர்'. போலியோ வந்த நடனக்காரியின் கதை. இதில்தான் டைரக்டர் என்று அவர் பெயர் முதலில் வந்தது. சாண்டா மோனிகாவில் நிஜமான மறுவாழ்வு மருத்துவமனையிலேயே எடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நோயாளிகள் ஜோடி ஜோடியாகச் சுழன்று ஆடுகிற காட்சி ஒன்று வருகிறது. நிஜமாகவே அங்கே சிகிச்சையில் இருந்தவர்கள் அதில் ஆடுகிறார்கள். பரிதாபப்படு என்று நம்மைக் கேட்காத காட்சி. படம் ஓடவில்லை. வியாதிக் கதை பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்?

1950-ல் 'அவுட்ரேஜ்'. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு ஆபீஸ் பெண்ணைப் பற்றியது. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் கதையை முன்கூட்டியே தணிக்கைக்காரர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பலாத்காரம் என்ற வார்த்தையையே உச்சரிக்கக் கூடாது. அதனால் படம் முழுக்க 'தாக்குதல்' என்றே சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிற பெண்ணை ஒருவன் துரத்துகிறான். ஆளில்லாத தெருக்கள், அடுக்கிய பெட்டிகள், விடாமல் அலறுகிற லாரி ஹாரன். மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். அந்த ஜன்னல் சாத்துகிற இடம் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிறகு அவள் ஆபீஸ் போகிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற டொக் டொக் சத்தம் அவள் மண்டையில் இறங்குகிறது. அந்தச் சத்தம் போதும், நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

பதினாலு வயசில் தாயின் வேஷம் மகளுக்குப் போன கதையைச் சொன்னேன் அல்லவா? 1951-ல் 'ஹார்ட், ஃபாஸ்ட் அண்ட் பியூட்டிஃபுல்' என்று ஒரு படம் எடுத்தார். டென்னிஸ் ஆடுகிற மகள். அவளை வைத்துத் தான் வாழாத வாழ்க்கையை வாழப் பார்க்கிற அம்மா. மகள் ஜெயிக்க ஜெயிக்க அம்மாவின் உடுப்பும் ஹோட்டல் அறையும் உயருகின்றன. மறைவில் பணம் கைமாறுகிறது. உடம்புக்கு முடியாமல் கிடக்கிற அப்பாவை இரண்டு பேருமே மறந்து போகிறார்கள். கடைசியில் எல்லோரும் போன பிறகு, இருட்டுகிற மைதானத்தில் அந்த அம்மாள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கீழே காகிதங்கள் காற்றில் பறக்கின்றன. பாட்டுப் போட்டிக்கும் டான்ஸ் போட்டிக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைந்த அம்மாக்கள் நாம் எத்தனை பேர்! ஐடாவின் தாயார் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் காட்சியை எடுத்தவருக்கு அந்த இரண்டு மனசும் தெரிந்திருந்தது.

அந்த வருஷமே காலியர் யங்குடன் விவாகரத்து. நடிகர் ஹோவர்ட் டஃப்புடன் கல்யாணம். 1952 ஏப்ரலில் பெண் குழந்தை. அதே கோடையில், கைக்குழந்தைக்காரியாக, கலிஃபோர்னியாவின் லோன் பைன் பக்கத்துப் பாறையும் மணலுமான இடத்தில் 'தி ஹிட்ச்ஹைக்கர்' எடுத்தார். மீன் பிடிக்கப் போகிற இரண்டு நண்பர்கள் வழியில் ஒருவனைக் காரில் ஏற்றிக்கொள்கிறார்கள். அவன் கொலைகாரன். அவனுக்கு ஒரு கண் மூடாது. அதனால் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று இவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. பெண்கள் படம் எடுக்கிறவர் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1998-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, இரண்டு ஊரில் இரண்டு மனைவி வைத்திருக்கும் விற்பனைக்காரனின் கதை, 'தி பிகமிஸ்ட்', 1953. இதில் ஒரு வேடிக்கை. கதை வசனம், தயாரிப்பு, ஐடாவின் முன்னாள் கணவர் காலியர் யங். முதல் மனைவியாக நடித்தவர் ஜோன் ஃபான்டெய்ன், அதாவது யங்கின் அப்போதைய மனைவி. இரண்டாவது மனைவி ஐடாவே. டைரக்ஷனும் அவரே! நம் வீடுகளில் இப்படி ஒரு ஏற்பாட்டில் காப்பி கூடக் கலக்க முடியாது. அவர்கள் படமே எடுத்தார்கள். படத்தில் இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கூட வில்லியாக்கவில்லை.

இனி அந்த நாற்காலி.

1950 வாக்கில் ஹாலிவுட் டைரக்டர்கள் சங்கத்தில் ஐடா சேர்ந்தபோது, அவருக்கு முன் அங்கே உறுப்பினராக இருந்த பெண் டாரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான். அவரும் அதற்குள் படம் எடுப்பதை நிறுத்தியிருந்தார். சங்கக் கூட்டங்களை, "கனவான்களே, மிஸ் லூபினோ அவர்களே" என்று ஆரம்பிப்பார்களாம். இப்படி ஒருத்தியாக நின்றுகொண்டு நூறு ஆண்களை எப்படி வேலை வாங்குவது? 1967-ல் அவரே ஒரு கட்டுரை எழுதி விளக்கியிருக்கிறார். ஆண்களுக்கு உத்தரவு போட்டால் பிடிக்காது, யோசனையாகத்தான் சொல்ல வேண்டும் என்கிறார். கண்ணுகளா, அம்மாவுக்கு ஒரு சிக்கல், இப்படிச் செய்து பார்க்கலாமா, கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஆசையாக இருக்கிறது என்கிற மாதிரி கேட்பாராம். உடனே செய்து கொடுப்பார்களாம். காமிராக்காரரிடம் தனக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகத் தெரிந்த மாதிரி நடித்தால் ஒத்துழைப்பு கூடும் என்றும் ஒரு சமயம் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? ஹாலிவுட்டிலேயே என் வழிதான்" என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஆம்பளை டைரக்டர் எவனாவது நாற்காலியிலே 'அப்பா'ன்னு எழுதிக்கிட்டானாம்மா?" என்று கேட்டாள் அவள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் காலத்து ஆண் டைரக்டர்கள் கத்துவார்கள், தூக்கி எறிவார்கள். அதற்குப் பெயர் மேதை. இவர் குரலை உயர்த்தாமல், தெரிந்ததைத் தெரியாதது போல் காட்டி, அதற்கும் மேலே டைரக்ஷன் வேலையையும் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை. முதல் படத்தில் விட்டுக்கொடுத்த பெயரை யோசித்துப் பாருங்கள். என் அலமாரித் தட்டு நான் நினைத்த இடத்தில் வந்தது உண்மை. ஆனால் ஆசாரி அடுத்த வீட்டில் போய், அது தன் யோசனை என்றுதானே சொல்லியிருப்பார்?

அதே சமயம் என் மகளுக்கும் ஒன்று சொன்னேன். 1950-ல் அவர் மேசையைத் தட்டிப் பேசியிருந்தால் 'அவுட்ரேஜ்' என்ற படமே நமக்குக் கிடைத்திருக்காது. எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

கம்பெனிக் கதை சீக்கிரம் முடிந்தது. படங்களைத் தாங்களே விநியோகம் செய்வது என்று பங்காளிகள் முடிவெடுத்தார்கள். ஐடாவுக்கு அதில் இஷ்டமில்லை. அவர் பயந்தபடியே, 1955 வாக்கில் கம்பெனி படுத்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா சொன்னதை யாரும் கேட்கவில்லை!

பிறகு டெலிவிஷன். அப்போது அமெரிக்காவில் அது வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த சமயம். அரை மணி நேர நாடகத்தை மூன்று நாளில் எடுத்து முடிக்க வேண்டும். முன்னாலேயே ஒவ்வொரு காட்சிக்கும் காமிரா எங்கே, யார் எந்தப் பக்கம் திரும்புவது என்று குறித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும். நாலு பர்னரில் நாலு பாத்திரம் வைத்து எட்டு மணிக்குள் டிபன், மதியச் சாப்பாடு இரண்டையும் கட்டிக் கொடுக்கிறவளுக்கு இந்தக் கணக்கு புரியும். இப்படி நூறு நாடகங்களுக்கு மேல் எடுத்தார் என்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால், அவருக்கு வந்தவை பெரும்பாலும் துப்பாக்கிக் கதைகள், கொலைக் கதைகள். 'ஹேவ் கன் வில் டிராவல்', 'தி அன்டச்சபிள்ஸ்', 'தி ஃப்யூஜிடிவ்', ஹிட்ச்காக்கின் தொடர், இப்படி. பெண் ஹிட்ச்காக் என்று பட்டம் வேறு. பெண்களின் துக்கத்தை அவ்வளவு தெரிந்தவரிடம் யாரும் அப்படி ஒரு கதையைக் கொண்டு போகவில்லையே என்று எனக்குத்தான் ஆற்றாமை.

'தி ட்வைலைட் ஸோன்' தொடரின் முதல் காலகட்டத்தில் 156 கதைகள் ஒளிபரப்பானதில் ஒரு பெண் டைரக்ட் செய்தது ஒன்றே ஒன்று: 1964-ல் ஐடா எடுத்த 'தி மாஸ்க்ஸ்'. சாகக் கிடக்கிற பணக்காரர், சொத்துக்காகச் சுற்றி நிற்கும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் ஆகியோரை விகாரமான முகமூடிகளை மாட்டிக்கொண்டு நடுநிசிவரை உட்காரச் சொல்கிறார். கழற்றினால் சொத்து கிடையாது. கழற்றியபோது என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

1953-க்குப் பிறகு தியேட்டருக்கென்று அவர் எடுத்தது ஒரே படம், 1966-ல். கன்னிமாடப் பள்ளியில் இரண்டு குறும்புக்காரப் பெண்கள் அடிக்கிற கூத்து, 'தி ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்'. நடுவில் பதின்மூன்று வருஷ இடைவெளி. அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஹோவர்ட் டஃப் பிரிந்து போனார்; பிறகு விவாகரத்தும் ஆனது. கடைசிக் காலத்தில் ஐடா அதிகம் வெளியே வரவில்லை. குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தபோது பக்கவாதம் வந்து, 1995 ஆகஸ்ட் 3-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். வயது 77.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'தி ஹிட்ச்ஹைக்கர்' 71 நிமிஷம்தான். பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம். 'தி ட்ரபிள் வித் ஏஞ்சல்ஸ்' குழந்தைகளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டு பார்க்கலாம். 'அவுட்ரேஜ்' மட்டும் வயசு வந்த மகள் இருந்தால் அவளோடு பாருங்கள், படம் முடிந்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் எனக்கு இதுவரை சொல்லாத ஒரு பஸ் பிரயாணத்தைப் பற்றிச் சொன்னாள்.

ஆசாரி வருகிற செவ்வாய்க்கிழமை கதவு மாட்ட வருகிறார். கைப்பிடி எந்தப் பக்கம் என்று தானே சொல்லப் போவதாக மகள் லீவு போட்டிருக்கிறாள்.